சுற்றில் இருக்கும் குடை

மயில்கழுத்து நிறத்தில் ஒரு மடக்குக் குடை. கைப்பிடியில் வெள்ளைக் கயிறு. கோடம்பாக்கத்தில் என் அண்ணன் குடியிருக்கும் ஒற்றை அறையில், காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அது தொங்குகிறது. ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் எப்போது சென்னைக்குத் திரும்பினாலும் அந்த அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். இத்தனை வருடங்களில் ஒரு மழையைக்கூடப் பார்க்காத குடை. அதை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. இனாமாகக் கொடுத்தபோது அண்ணி ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் அது அண்ணியின் குடைதான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக ஆந்திரா பக்கம் போனேன், பெங்களூரில் ஓட்டலில் மாவு ஆட்டினேன், ஓர் ஊரிலும் நிலையாகத் தங்கியதில்லை. கையில் ஒன்றும் இல்லாதபோது அண்ணன் வீட்டுக்கு வருவேன். அண்ணன் சினிமா ஸ்டுடியோக்களில் லைட்மேன். படப்பிடிப்பு இருந்தால் வீட்டில் மீன் குழம்பு, இல்லாவிட்டால் ரசம். நான் வந்து நிற்கும்போது என்ன குழம்பு என்பதைப் பொறுத்து அண்ணியின் முகம் மாறியதே இல்லை. "வந்துட்டியா தம்பி? கால கழுவிக்கினு உக்காரு" என்பார். எத்தனை நாள் இருப்பாய், ஏன் அந்த வேலையை விட்டாய் என்று கேட்டதில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், என்னைக் கேள்வி கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

அண்ணிக்குப் பொருள்கள் மேல் அப்படி ஒரு பிரியம். நகை, பட்டு என்று பெரிய ஆசைகள் கிடையாது. மூடியில் பூப்போட்ட டப்பா, கண்ணாடிக் கைப்பிடி வைத்த கரண்டி, நிறம் மாறும் ரப்பர் வளையல், இப்படி. கடையில் ஒரு பொருளைப் பார்த்தால் உடனே கேட்க மாட்டார். முதலில் ஒரு விரலால் தொடுவார். பிறகு கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தூங்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அவருக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் இப்படி என்று தெருவில் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அழகாக இருப்பது எதுவானாலும் கையில் எடுத்துப் பார்க்க அவருக்குத் தோன்றும், அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் அவர்கள் மயிலாப்பூரில் ஒரு போர்ஷனில் இருந்தார்கள். ஒருநாள் வாடகைக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தோடு அண்ணி பாண்டி பஜாருக்குப் போனார். நூல்கண்டு வாங்கத்தான் போனார். திரும்பி வரும்போது கையில் பீங்கான் கோப்பைகள் ஒரு செட். ஓரத்தில் தங்கக் கோடு போட்டவை. வாடகை கேட்டு வந்த வீட்டுக்கார மாமி, வாசலில் நின்றபடியே அடுக்களை அலமாரியில் வரிசையாக இருந்த கோப்பைகளைப் பார்த்துவிட்டார். "வாடகை குடுக்க வக்கில்லை, ஆத்துல தங்கக்கோடு போட்ட கப்பு கேக்கறதாக்கும்!" என்று அவர் சொன்னது எல்லாப் போர்ஷன்களுக்கும் கேட்டது. அண்ணனுக்கு அந்த மாதம் படப்பிடிப்பும் இல்லை. வீட்டைக் காலி செய்து கோடம்பாக்கத்துக்கு வந்தார்கள். தட்டுவண்டியில் வரும்போதே கோப்பைகள் உடைந்துவிட்டன. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அண்ணி என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அவர் தனக்கென்று அந்தச் சட்டத்தைப் போட்டுக்கொண்டார். ஒரு பொருள் மேல் ஆசை வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, "எடுத்து வைங்க, ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். பனகல் பார்க்கை வெளிப்பக்கமாக ஒரு முழுச் சுற்று நடக்க வேண்டும். நடந்து முடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும்போதும் அந்த ஆசை அப்படியே இருந்தால் வாங்கலாம். சுற்று முடியாமல் வாங்கக் கூடாது. இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்க்தான் பக்கத்தில் இருந்தது, அதனால் பார்க். முக்கால்வாசி நேரம், பூக்காரர்களையும் பஸ் நெரிசலையும் கடந்து வருவதற்குள் ஆசை கழன்றுவிடும் என்பார். கழன்றுவிட்டால் நேரே வீட்டுக்கு. கழலாவிட்டால் வந்து வாங்குவார். அப்படி வாங்கியது மிகவும் குறைவு. அப்படி வாங்கிய பொருளை அவர் கடைசிவரை கண்ணும் கருத்துமாக வைத்திருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் ஒரு பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பாய் திருவல்லிக்கேணிக்காரர், வீட்டில் உருது பேசுவார், கடையில் எங்கள் எல்லோரையும்விட நன்றாக மெட்ராஸ் தமிழ் பேசுவார். மழைக்காலத்தில் குடை, வெயில் காலத்தில் தொப்பி, மற்ற நாளில் கிளிப்பும் கைக்குட்டையும். பிளாட்பார வியாபாரத்தில் எங்களுக்கு ஒரே ஒரு வித்தைதான் உண்டு. பொருளை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். கூவுவதெல்லாம் அப்புறம். "கைல குடு. பிடிச்சிக்கினு ரெண்டு நிமிசம் நின்னா, கீழ வைக்க மனசு வராது" என்பார் பாய். ஜனங்கள் தேவைக்காக வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அங்கே நின்ற பிறகுதான், நிற்பதும் தொடுவதும்தான் வியாபாரம் என்று தெரிந்தது. தீபாவளிக் கூட்டத்தில், பையில் பஸ்ஸுக்குச் சில்லறை மிஞ்சாத அளவுக்கு வாங்கிவிட்டு விழித்துக்கொண்டு நிற்கிற முகங்களைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

அந்த வித்தை பலிக்காத ஒரே ஆள் அண்ணி. பாய் கையில் கொடுப்பார், அண்ணி ஆசை தீரப் பார்ப்பார், திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். முதலில் பாய்க்கு எரிச்சல். "இன்னாமா தங்கச்சி, நடந்து நடந்து செருப்புதான் தேயுது. அந்தக் காசுக்கு என் கடையில ரெண்டு சாமான் வாங்கிக்கலாம்ல?" என்பார். "செருப்பு தேஞ்சா வருசத்துக்கு ஒரு தபா வாங்குவேன் பாய். உங்க கடையில நின்னா தெனிக்கும் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு அண்ணி போய்க்கொண்டே இருப்பார். பக்கத்துக் கைக்குட்டைக் கடைக்காரன், "பார்க் அக்கா கிளம்பிட்டாங்க, வழி விடு வழி விடு!" என்று குரல் கொடுப்பான். அண்ணி திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை ஆட்டுவார்.

பாய் கொஞ்சநாளில் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். அண்ணி திருப்பிக் கொடுக்கும் பொருளை மற்றவற்றோடு சேர்க்காமல், பலகைக்கு அடியில் இருந்த மரப்பெட்டியில் தனியாக வைப்பார். அவர் திரும்பி வராவிட்டால் மறுநாள்தான் எடுத்து வியாபாரத்தில் போடுவார். யாராவது அதைக் கேட்டால், "அது சுத்துல கீது, வேற பாருங்க" என்பார். இந்தப் பேச்சு மெல்ல அந்தப் பிளாட்பாரம் முழுக்கப் பரவியது. விற்காமல் கிடக்கிற சரக்கு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத ஆள், கைக்குட்டைக்காரனுக்குப் பெண் பார்த்த வீட்டிலிருந்து வராத பதில், எல்லாமே எங்களுக்குச் சுத்துல கீது.

அந்தக் குடை ஓர் ஐப்பசியில் வந்த சரக்கு. மற்றதெல்லாம் கறுப்பு. நடுவில் இது ஒன்றுதான் மயில்கழுத்து. பாய் அதை விரித்து அண்ணி கையில் கொடுத்தார். அண்ணி அதைத் தலைக்குமேல் பிடித்து அண்ணாந்து பார்த்தார். வெயில் துணி வழியாக இறங்கி அவர் முகமும் கழுத்தும் நீலமாகிவிட்டன. "இன்னா கலரு பாய் இது!" என்றார். அவ்வளவு நேரம் அவர் எந்தப் பொருளையும் கையில் வைத்திருந்ததில்லை. பிறகு மடக்கி, கயிற்றைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, "எடுத்து வைங்க" என்று கிளம்பினார். அன்று அவர் திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் வந்து மறுபடி விரித்துப் பார்த்தார், மறுபடி நடக்கப் போனார், வரவில்லை. வீட்டில் அவருக்குக் குடையே கிடையாது. மழை வந்தால் முந்தானையைப் போட்டுக்கொள்வார். பாய் அந்தக் குடையை மட்டும் மறுநாள் எடுத்து வியாபாரத்தில் போடவில்லை. செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். ஒருமுறை, "சும்மா எடுத்துக்கினு போம்மா, கூடப்பொறந்த அண்ணன் குடுத்ததா வச்சுக்கோ" என்றார். அண்ணி சிரித்தார். "சும்மா குடுத்தாலும் சுத்து முடிச்சுதான் பாய் வாங்கணும். இல்லாட்டி நாளைக்கி எல்லாத்துக்கும் கை நீட்டுவேன்."

அதற்குப் பிறகுதான் பாதிச் சுற்று தொடங்கியது. ஒருநாள் நான் டீ வாங்கப் போனபோது, பார்க்கின் மறுபக்கம், கம்பி வேலியின் அடிச்சுவரில் அண்ணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கையில் முந்தானை, நெற்றியில் வேர்வை. "இன்னா அண்ணி, சுத்து முடிக்கல?" என்றேன். "வேணாம் தம்பி. இப்பல்லாம் பாதியிலயே ஆசை போயிடுது" என்றார். நான் கடைக்கு வந்து பாயிடம் சொன்னேன். பாய் கைக்குட்டைக்காரனிடம் சொன்னார். அன்று மாலைக்குள் பிளாட்பாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பார்க் அக்காவுக்கு இப்போது அரைச் சுற்றே போதும். இரவு சாப்பிடும்போது அண்ணன் சொன்னார்: "பாரேன், உங்க அண்ணி சாமியாராயிட்டா. இன்னும் கொஞ்ச நாள்ல பார்க் பக்கமே போகத் தேவையில்ல." அண்ணியும் சிரித்தார். அடுத்த வருடம், பூக்காரர்கள் உட்காரும் மூலையைத் தாண்டியதுமே நின்றுவிடுவார். அதையும் நாங்கள் முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டோம். ஆசையை வெல்வதில் அண்ணி தேறிக்கொண்டே வருகிறார் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து பெருமைப்பட்டோம்.

நான் வழக்கம்போல ஒருநாள் சொல்லாமல் பெங்களூருக்குப் போனேன். மறுபடி வந்தபோது, தண்ணீர்க் குடத்தை அண்ணன் தூக்கி வருவதைப் பார்த்தேன். அண்ணி படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. "இந்த ஊரு உப்புத் தண்ணி குடிச்சு வந்தது" என்றார். பாண்டி பஜாருக்கு வருவதில்லையா என்று கேட்டேன். "ஆசையே இல்ல தம்பி, வந்து இன்னா பண்ணப் போறேன்?" என்றார். எனக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. அவர் போட்டுக்கொண்ட சட்டம் அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்று நினைத்தேன். பொறாமையாகக்கூட இருந்தது. எனக்கு எந்த ஊரைப் பார்த்தாலும் போக வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்த காலம் அது.

கார்த்திகைக்கு முந்தைய வாரம் ஒரு காலையில், அடுப்படியில் இருந்து எழ முடியாமல் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு அண்ணனைப் பார்த்து, "நடந்தா மூச்சு வாங்கறது எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். "அப்படில்லாம் இல்ல சார். நல்லா நடப்பா. பனகல் பார்க்கையே சுத்துவா" என்றார் அண்ணன். பிறகு, "இப்பதான் கொஞ்ச காலமா பாதியிலயே..." என்று ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. டாக்டர் காத்திருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. 

சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கும், அது இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருக்கிறது, வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முற்றியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இப்போது உடம்பு தாங்காது, கொஞ்சம் தேறட்டும் என்றார். அந்தத் தேறுதலுக்காக நாங்கள் காத்திருந்தோம். அண்ணன் வார்டு வாசலிலேயே படுத்துக்கொண்டார். ஸ்டுடியோவில் உயரத்தில் ஏறி விளக்கு கட்டும் மனுஷன், அந்த நாட்களில் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

பாய் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து நேரே வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய குடை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கடையில் நிற்பதுபோலவே, பேசாமல் அதை அண்ணி கையில் கொடுத்தார். அண்ணி தாளைப் பிரித்தார். விரிக்கப் போனவரை நர்ஸ் பார்த்துவிட்டு, "ஏம்மா, வார்டுக்குள்ள மழையா பெய்யுது?" என்று அதட்டினார். பாதி விரித்ததோடு அண்ணி நிறுத்திக்கொண்டார். அந்த மடிப்புகளுக்குள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடக்கி, கயிற்றைச் சுற்றி, பாயிடம் நீட்டினார். "எடுத்து வைங்க பாய். ஒரு சுத்து சுத்திட்டு வந்து வாங்கிக்கறேன்."

பாய் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இங்கயே எடுத்து வைக்கறேன் தங்கச்சி. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று அதைக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அவர் போன பிறகு அண்ணி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பேச்சு நடுநடுவே நின்று நின்று வந்தது. "ஆசை போயிடுச்சுன்னு சொன்னேன்ல தம்பி? போகல. ஒண்ணும் போகல. நடக்கத்தான் முடியல" என்றார். ஏன் அண்ணி சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உங்க அண்ணன் டாக்டர்கிட்ட இஸ்துக்கினு போவாரு. அவருக்கு வேல இல்லாத நேரம். சரி, இதையும் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பாப்போம், தானா போயிடும்னு நெனச்சேன். மத்ததெல்லாம் போச்சே." கட்டில் கம்பியில் தொங்கிய குடையை ஒரு விரலால் தொட்டார். "இந்தக் குடைய மட்டும் ஒவ்வொரு தபாவும் வாங்கணும்னுதான் கெளம்புவேன். அந்தச் சுவராண்ட வந்தா நெஞ்சு அடைச்சிக்கும். அப்படியே பஸ் ஏறிடுவேன்." பாய் கடை அங்கிருந்து எவ்வளவு தூரம் அண்ணி, திரும்பி வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். அவர் என்னைப் புரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சுத்து முடிக்காம எப்படி வாங்கறது?"

அடுத்த வாரம் அண்ணி இறந்துபோனார். வெளியே விடாமல் மழை. அண்ணன் கட்டில் கம்பியில் இருந்த குடையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நனைந்துகொண்டே வண்டியில் ஏறினார். வீட்டுக்கு வந்ததும் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். சில மாதங்கள் கழித்து நான் அதை எடுக்கப் போனேன். "வைடா. அது சுத்துல கீது" என்றார். நான் வைத்துவிட்டேன்.

இப்போது பாண்டி பஜாரில் பிளாட்பாரக் கடைகள் அப்படி இல்லை. நடைபாதையை அகலமாக்கிக் கல் பதித்து, உட்கார இருக்கை போட்டிருக்கிறார்கள். பாயும் இல்லை. கடைக்கு வராமலே ஜனங்கள் போனில் விரலால் தள்ளித் தள்ளி வாங்குகிறார்கள். பொருளைக் கையில்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. போன ஐப்பசியில் நான் சென்னைக்கு வந்திருந்தேன். தூறல். காலையில் அண்ணன் பால் வாங்கப் போகும்போது தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். எழுபதை நெருங்குகிற மனுஷன். அவருக்கு ஒரு குடை வாங்கலாம் என்று தி.நகர் போனேன். பார்க் ஓரத்தில் ஒரு பெண் குடைகளை விரித்து வைத்திருந்தாள். ஒரு கறுப்புக் குடையை எடுத்துப் பார்த்தேன். ஏனோ, திருப்பிக் கொடுத்து, "எடுத்து வைம்மா, ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்றேன். அவள் அதை உடனே மற்றவற்றோடு போட்டுவிட்டாள். நடந்தேன். மெட்ரோ வேலைக்காக ஒரு பக்கம் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். அண்ணி உட்காரும் அடிச்சுவரைத் தேடிப் பார்த்தேன். அந்த இடம் எங்கே என்று என்னால் சொல்ல முடியவில்லை. தகரத்துக்கு முன்னால் வழி முடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் நனைந்துகொண்டு நின்றேன். வந்த வழியே திரும்பி வந்து குடையை வாங்கினேன்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குடா இது? வீட்லதான் ஒண்ணு கீதே" என்றார். "அதை நீ எடுக்க மாட்டியே" என்றேன். அவர் துண்டால் தலையைத் துவட்டினார். பிறகு எழுந்துபோய் ஆணியிலிருந்து அந்தக் குடையை எடுத்தார். தூசியை வேட்டி நுனியால் துடைத்து, வெள்ளைக் கயிற்றை அவிழ்த்து, மெதுவாக விரித்தார். கம்பிகள் துருவேறி முனகின. துணி மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. விரிய விரிய ஒவ்வொரு மடிப்பும் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. மழையில் நனையாத, வெயிலில் காயாத துணி. அண்ணன் அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, டியூப் லைட்டுக்கு நேராக அண்ணாந்து பார்த்தார். கிழிசல்கள் வழியாக வெளிச்சம் கோடு கோடாக அவர் முகத்தில் விழுந்தது. கோடுகளுக்கு நடுவில், மிச்சமிருந்த துணியின் அடியில், முகம் நீலமாக இருந்தது.

"இன்னா கலருடா" என்றார்.

பிறகு கிழிசல் பெரிதாகாமல் பார்த்துப் பார்த்து மடக்கினார். கயிற்றைச் சுற்றி, அதே ஆணியில் மாட்டினார். கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு சாயங்காலப் பால் வாங்கப் போனார்.